ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தவன்

பாண்டுரங்கன் முழு வாக்கியம் பேசி நான் என் ஆயுளில் நாலு முறை கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று கொட்டாவியாக இருக்கலாம் என்று லீலாவதி சந்தேகப்படுகிறாள். லீலாவதி அவன் மனைவி. கல்யாணமாகி மூன்றாம் வருஷம்தான் அவளிடம் முதல் வார்த்தை பேசினான், அந்த வார்த்தை 'உப்பு' என்று நான் பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். அது அவள் காதுக்கு எட்டியதும் நேரே என்னிடம் வந்து, "டீச்சர், வயசான காலத்துல ஏன் இப்டி பொய் சொல்லிக்கினு கீறீங்க. 'உப்பு கம்மி'ன்னு ரெண்டு வார்த்த சொன்னாரு" என்று திருத்திவிட்டுப் போனாள்.

எங்கள் ஊர் சாத்தனேரி. உத்திரமேரூரில் டவுன் பஸ் ஏறினால், டிரைவருக்கு மனசு நன்றாக இருக்கும் நாளில் முக்கால் மணி நேரம். ஏரி, ஏரிக்குக் கீழே நெல், மேட்டில் வேர்க்கடலை, நூற்றிருபது வீடு. அதில் பாண்டுவுக்கு ஒரு ஓட்டு வீடு, ஒன்றே முக்கால் ஏக்கர், ஒரு சிவப்பு டிராக்டர். டிராக்டர் ஊரில் இன்னும் மூன்று பேரிடம் உண்டு. மூன்றும் அவனுடையதைவிடப் புதுசு. ஆனால் உழவு என்று வந்தால் அந்த மூன்றும் வேப்பமரத்தடியில் நிற்கும், நிலத்துக்காரர்கள் பாண்டுவுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். அவன் நன்றாக உழுவான் என்பதற்காக அல்ல. உழும்போது பார்த்ததை வெளியே சொல்லமாட்டான் என்பதற்காக.

எங்கள் மேட்டு நிலத்துக்கு அடியில் இன்னொரு ஊர் படுத்திருந்தது. இரண்டாயிரம் வருஷமோ மூவாயிரம் வருஷமோ முன்னால், செத்தவர்களைப் பெரிய பெரிய தாழிகளில் வைத்து, கூடவே சின்னப் பானையும் இரும்புக் கத்தியும் வைத்துப் புதைத்து, சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கற்களை எங்கள் தாத்தன்மார் வரப்புக்கும் வீட்டுக் கடைக்காலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். தாழிகள் மட்டும் வைத்த இடத்தில் இருந்தன. ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. 'அது' என்பார்கள். 'பவளம் கொல்லயில அது தட்டிச்சாம்' என்று ஒருத்தர் காதில் ஒருத்தர் சொல்லி அதோடு விட்டுவிடுவார்கள்.

விட்டுவிட்டதற்குக் காரணம் பனையந்தாங்கல். எங்களுக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவர், எங்கள் ஊரில் பழைய கல்வட்டம் இருக்கிறது என்று சர்க்காருக்கு எழுதிப் போட்டார். வந்து பார்த்தார்கள், கம்பி வேலி போட்டார்கள், பலகை நட்டார்கள். வேலியிலிருந்து நூறு மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்டவேண்டும் என்று பிற்பாடு சட்டமும் வந்தது. சேட்டு என்பவர் வீட்டுக்குப் பின்னால் கக்கூசுக்குக் குழி வெட்டினார், நோட்டீஸ் வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கல்யாணப் பேச்சில் பனையந்தாங்கல் மாப்பிள்ளை என்றாலே சிரிப்புதான். "கல்லுக்கு வேலி போட்டுகீறாங்க, கட்டிக்கினு போற பொண்ணுக்குக் கக்கூசு கெடையாது" என்பார்கள். அந்தக் கதையை எட்டு ஊருக்குக் கொண்டுபோனவள் நான்தான். போகிற வழியில் சேட்டுவின் ஒரு நோட்டீஸ் ஐந்தாக வளர்ந்தது, கடைசி ஊரில் அவரை ஜெயிலிலும் போட்டேன்.

ஆகையால் சாத்தனேரியில் ஒரு முறை ஏற்பட்டது. கலப்பையில் அது தட்டினால் டங்கென்று கேட்காது. காலி வயிற்றைத் தட்டினாற்போலத் தொப்பென்று கேட்கும். பாண்டு இதைச் சொல்லவில்லை, தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். உடனே என்ஜினை நிறுத்துவான். நிலத்துக்காரர் வந்து கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவார். அடுத்த உழவிலிருந்து, அந்த இடம் வந்ததும் பாண்டு பக்கத்திலிருக்கும் நெம்புகோலை இழுத்துக் கலப்பையை முழ உயரம் தூக்குவான். நாலு எட்டு தாண்டி இறக்குவான். தூக்கிய இடத்தில் பயிர் இருக்காது, வட்டமாகக் கோரையும் அருகும் மண்டிக் கிடக்கும். எந்தக் கொல்லையில் எத்தனை முறை தூக்கவேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். ஒரு சீட்டில்கூட எழுதி வைத்ததில்லை. முப்பத்தோரு வருஷம் அப்படி உழுதான். சாத்தனேரியின் மேட்டு நிலம் முழுவதும் அவன் ஒருவன் தலைக்குள் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், தலையாரி வந்து சொன்னார், நாளைக்கு யாரோ சர்வேக்கு வருகிறார்கள் என்று. கிழக்கே நாலு கிலோமீட்டர் தள்ளி விமான நிலையம் வரப்போவது எங்களுக்கு அப்போதே தெரியும். எங்கள் நிலம் ஒரு சென்ட்கூட அதில் இல்லை என்று வரைபடத்தைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். நிம்மதி என்பது குறைச்சல். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சாட்சரம் தன் எட்டு ஏக்கரில் மனைக்கல் நட்டு, முகப்பில் வளைவு வைத்து 'ஏரோ கார்டன்' என்று எழுதியிருந்தார். கார்டனில் அப்போது இருந்தது இரண்டு எருக்கஞ்செடி.

அன்று சாயங்காலம் ரேஷன் கடை வாசலில் பஞ்சாட்சரம் ஊரைக் கூட்டினார்.

"ஏர்போர்ட்ட சுத்தி பத்து கிலோமீட்டருக்கு இன்னா இன்னா பயசு கீதுன்னு கணக்கெடுக்க வராங்களாம். நம்ப ஊர்ல அது கீதுன்னு வெளிய தெரிஞ்சா முடிஞ்சுது. வேலி. பலக. அப்றம் நீ உன் கோழிக்குக் கூண்டு வைக்கணும்னாலும் டெல்லிக்கு மனு போடணும்."

"யாரக் கேட்டாலும் நம்ப பாண்டுவத்தான் கை காட்டுவாங்க" என்றாள் பவளம். புருஷன் இல்லாதவள், இரண்டு ஏக்கரில் கடலை போடுகிறவள். அவள் கொல்லையில்தான் அது அதிகம்.

"அதான் நல்லது. அவன் வாயில வண்டிய வுட்டு இஸ்தாலும் வார்த்த வராது" என்றார் பஞ்சாட்சரம். எல்லோரும் சிரித்தார்கள். "இன்னா பாண்டு, கேக்க சொல்ல இன்னா சொல்லுவ?"

பாண்டு தலையை ஆட்டினான்.

"தலைய ஆட்னா அவங்க எய்திக்க மாட்டாங்க. வாயத் தொறந்து சொல்லணும். எங்க சொல்லு, ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல" என்றான் பாண்டு. ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன்.

மறுநாள் வந்தவள் சசிரேகா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஏதோ ஒரு கம்பெனி, விமான நிலையத்தால் சுற்றுவட்டாரத்துப் பழைய இடங்களுக்கு என்ன பாதிப்பு என்று பார்த்து அறிக்கை எழுதித் தரும் வேலை. உத்திரமேரூரில் கல்வெட்டு மண்டபத்தின் சுவரில் கருவியை ஒட்டி வைத்து, விமானச் சத்தத்தில் கல் அதிருமா என்று மூன்று நாள் பார்த்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். பெயர் போன இடங்களுக்குக் கருவி உண்டு. எங்களைப் போன்ற ஊருக்கு, வாய்விட்டுக் கேட்பதும் நடந்து பார்ப்பதும்தான்.

பாண்டுவைக் கூட்டிக்கொண்டு மேடெல்லாம் நடந்தாள். நல்ல வெயில். பவளத்தின் கொல்லையில் நின்று அந்தப் புல் வட்டங்களைப் பார்த்தாள்.

"ஏண்ணே, இங்க மட்டும் உழாம விட்டிருக்கீங்க?"

"பாற."

"அங்க?"

"பாற."

"எல்லாப் பாறையும் ஒரே அளவா வட்டமா இருக்கே."

பாண்டு ஏரிக்கரைப் பக்கம் பார்த்தான். சசிரேகா சிரித்தாளாம். "ஒரு முழம் தோண்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். பவளம் கையில் களைக்கொட்டோடு வந்து நின்று, "எங்கொல்லயில எவங் கை வெச்சாலும் நடக்கறதே வேற" என்றாள். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் தோண்டக்கூடாது என்பது அந்தப் பெண்ணுக்கு விதி. குனிந்து ஒரு கறுப்புச் சில்லை எடுத்துத் துடைத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

மத்தியானம் பாண்டு வீட்டில் சாப்பிட்டாள். லீலாவதி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சசிரேகா படிவத்தை எடுத்து வைத்தாள். 'முப்பது வருடமாக இக்கிராமத்தின் எல்லா நிலங்களையும் உழுதுவருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை சாத்தனேரி எல்லைக்குள் பழங்கால ஈமச்சின்னமோ கல்வெட்டோ சிலையோ எதுவும் இல்லை.'

"நிஜமாவே ஒண்ணும் இல்லையாண்ணே? நல்லா யோசிச்சு சொல்லுங்க. இது இப்ப எழுதறதுதான், அப்புறம் எல்லாரும் இதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க."

"ஒண்ணும் இல்ல" என்றான் பாண்டு. கையெழுத்துப் போட்டான். ரங்கனில் உள்ள 'ர'வுக்குக் கால் கொஞ்சம் கோணும், இரண்டாம் வகுப்பில் எத்தனை அடி அடித்தும் நான் நேராக்க முடியாத கால்.

அந்த வருஷம் கடலை நன்றாக விளைந்தது. ஏரோ கார்டனில் நாலு மனை விற்றது.

அடுத்த வருஷம் ஆடியில் புது வரைபடம் வந்தது. விமான நிலையத்தை விரிவாக்குகிறார்கள், இரண்டாவது ஓடுபாதை. தாலுக்கா ஆபீசில் ஒட்டியிருந்ததை பஞ்சாட்சரம் போனில் படமெடுத்து வந்தார். பச்சை நிறத்தில் ஒரு பட்டை. ஏரியின் வடகரையைத் தொட்டுக்கொண்டு, மேட்டு நிலம் முழுவதையும் மூடிக்கொண்டு, ஊரின் மேல் படுத்திருந்தது. ஏரோ கார்டனின் வளைவு சரியாகப் பட்டையின் நடுவில்.

ஊர் ஒரு வாரம் அழுதது. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டுவதற்கு இடம் இல்லை. பிறகு யாருக்கோ தோன்றியது. பழைய புதையிடம் இருந்தால் சர்க்கார் தொடாதாமே. பனையந்தாங்கலைத் தொடவில்லையே.

அன்று ரேஷன் கடை வாசலில் எல்லோரும் பாண்டுவைப் பார்த்தார்கள். 'அது' என்று யாரும் சொல்லவில்லை. "நம்ப முப்பாட்டனுங்க" என்றார் பஞ்சாட்சரம். "நம்ப முப்பாட்டனுங்க அடியில கீறாங்க. நீதான் சொல்லணும் பாண்டு."

பாண்டுவிடம் சசிரேகாவின் நம்பர் இருந்தது. லீலாவதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவன், "மேடம், நான் பொய் சொல்ட்டேன்" என்றானாம். அதற்குமேல் வார்த்தை வராமல் லீலாவதி போனை வாங்கி மீதியைச் சொன்னாள். பிறகு சசிரேகா, "வியாழக்கிழமை வர்றேன். துணை அறிக்கை ஒண்ணு போட முடியுமான்னு பாக்கறேன். அண்ணன்கிட்ட சொல்லுங்க, எல்லாம் இருக்கறபடியே இருக்கட்டும்" என்றாள்.

பாண்டு அதை அப்படியே பஞ்சாட்சரத்திடம் போய்ச் சொன்னான். அவர் கேட்கவில்லை.

"இருக்கறபடி இருந்தா இன்னா தெரியும், புல்லுதான தெரியும். நீ ஒருக்கா பொய் சொன்னவன். உன் வார்த்தய எவன் நம்புவான்? வெளிய எடுத்து வரிசயா வெச்சுக் காட்டணும். வரவன் பாத்து அசந்து பூடணும்."

"வேணா மாமா."

"வேணாம்னா வுடு. ஜேசிபி சொல்லியாச்சு. நீ எடத்தக் காட்லன்னா அவன் மேட்ட மொத்தமா வாரிப் போடுவான். அப்ப எல்லாம் சில்லு சில்லா வரும். காட்னா ரெண்டாவது முழுசா வரும். இன்னா சொல்ற?"

பாண்டு காட்டினான். செவ்வாயும் புதனும், ஜேசிபிக்கு முன்னால் நடந்து, முப்பத்தோரு வருஷம் கலப்பையைத் தூக்கித் தாண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சியை நட்டான். நட்டுவிட்டு ஓடுவான், அடுத்த குச்சிக்கு. திரும்பிப் பார்க்கவில்லை. பவளம் தன் கொல்லையில் தானே கற்பூரம் கொளுத்தி, டிரைவருக்கு டீயும் கொடுத்தாள். பத்தொன்பது தாழி வெளியே வந்தது. முழுசாக வந்தது மூன்று. மீதியெல்லாம் சாக்கில் வந்தது. எலும்பைத் தனியாக ஒரு அலுமினிய அண்டாவில் போட்டார்கள், கத்திகளைத் தனியாகக் கட்டி வைத்தார்கள், ஒரு அளவு, ஒரு ஒழுங்கு. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு, தாழிகளைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு வரிசையாக நிற்க வைத்தார்கள். கல்யாணத்துக்குச் சீர்வரிசை வைத்தாற்போல இருந்தது. எங்களுக்கெல்லாம் திருப்தியாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு சசிரேகா வந்தாள். வண்டியிலிருந்து இறங்கி மைதானத்தைப் பார்த்தவள், அங்கேயே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்து லீலாவதி மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"யார் எடுக்கச் சொன்னது?"

"ஊரு" என்றார் பஞ்சாட்சரம், பெருமையாக. "பாத்தீங்களா மேடம், எத்தினி வருசத்துப் பொருளு. இதுக்கு மேல ஏரோப்பிளேன் வுட மனசு வருமா?"

"இதுக்கு மேல இல்லையேங்க. மேட்டுல இருந்ததெல்லாம் இப்ப மைதானத்துக்கு வந்தாச்சே."

பஞ்சாட்சரத்துக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். பொருள் எவ்வளவு பழசு என்பது பெரிசில்லை. பொருள் மண்ணில், வைத்தவர்கள் வைத்தபடி, எது எதற்குப் பக்கத்தில், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதுதான் இடம். அந்த இடத்துக்குத்தான் சட்டம். தோண்டி எடுத்துக் கழுவி வைத்தது வெறும் பொருள். பொருளை அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். ஓடுபாதையை அதற்காக நகர்த்தமாட்டார்கள்.

"எல்லாம் எனுக்கு ஞாபகம் கீது மேடம்" என்றான் பாண்டு. "எது எங்க இருந்துதுன்னு ஒண்ணு வுடாம சொல்லுவேன்."

அவனைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஜேசிபி வாய் வைத்த இடமெல்லாம் குழி, குழிக்குள் குழி, ஆள் உயரத்துக்கு மண். அவன் ஒவ்வொரு குழியாக நின்று, இதில் ஒரு பெரிய தாழி, வரப்பிலிருந்து பத்தடி, சாண் ஆழம், பக்கத்தில் இன்னொன்று என்று சொல்லிக்கொண்டே போனான். நான் அவனை அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அவள் ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டாள். எழுதுகிறாளே என்று அவன் இன்னும் வேகமாகச் சொன்னான். அவளுக்குத் தெரியும், அது பயன்படாது என்று. நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

கடைசிக் குழியருகே பாண்டு கேட்டான். "மேடம், ஏன் எங்க ஊரு?"

அவள் யோசித்தாள். பிறகு கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். விரிவாக்கத்துக்கு இரண்டு வழி போட்டிருந்தார்கள். முதலில் போட்டது வடக்கே, பனையந்தாங்கல் வழியாக. அங்கே பாதுகாக்கப்பட்ட கல்வட்டம் இருக்கிறது, சுற்றி முந்நூறு மீட்டருக்குச் சட்டம் குறுக்கே நிற்கும், ஆகவே அதை விட்டுவிட்டார்கள். இரண்டாவது இது. அந்தப் பக்கத்தில் சாத்தனேரிக்கு நேரே ஒரு வரி. 'தொல்லியல் இடையூறு ஏதும் இல்லாத நிலப்பரப்பு. பார்க்க: உள்ளூர்வாசி வாக்குமூலம், இணைப்பு ஏழு.'

இணைப்பு ஏழையும் திறந்தாள். கால் கோணிய 'ர'.

"உங்களத் தப்பு சொல்லலண்ணே" என்றாள். "அந்தப் புல்லைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். சந்தேகம்னு ஒரு வரி நானும் எழுதியிருக்கலாம். ஆதாரம் இல்லாம எழுதக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

பாண்டு ரொம்ப நேரம் அந்தத் திரையைப் பார்த்தான். அது அணைந்தது. அவள் மறுபடி தொட்டு வெளிச்சம் வரவழைத்துக் கொடுத்தாள், மறுபடி பார்த்தான்.

"ஊருக்குச் சொல்லாதீங்க" என்றாள் அவள். "என்ன ஆகப்போகுது சொல்லி."

துணை அறிக்கையை அவள் எழுதத்தான் எழுதினாள். கார்த்திகையில் பதில் வந்தது. பொருட்கள் இடம்பெயர்ந்துவிட்டன, அவற்றை அருங்காட்சியகத்தில் சேர்க்கலாம், வழித்தடத்தில் மாற்றம் தேவையில்லை. ஒரு லாரி வந்து தாழிகளை வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டு போனது. மாலைகளை அவிழ்க்கவில்லை, சாமந்தி காய்ந்து போய் ஒட்டியிருந்தது.

அந்த நாலு மாசம் பாண்டு டிராக்டரை எடுக்கவில்லை. எடுத்துத்தான் எந்த நிலத்தை உழுவது. கையெழுத்து மாறிவிடும் என்பதுபோல, நாஷ்டாவுக்கு முன்னால் பழைய நோட்டில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தான் என்று லீலாவதி சொன்னாள். "சோறு துன்ன மாட்டேங்கறாரு டீச்சர். நீங்களாவது ஒரு பொய் சொல்லி சிரிக்க வையுங்க." போனேன். என்னென்னவோ சொன்னேன். ஏரியில் முதலை பார்த்தேன் என்றேன், அது என்னிடம் ஆதார் கார்டு கேட்டது என்றேன். அவன் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "டீச்சர், பொய்ய எப்டி திரும்ப எடுக்கறது?" என்றான். ஐம்பது வருஷமாகப் பொய்யிலேயே பிழைத்தவளுக்கு அது தெரியவில்லை.

தையில், பொங்கல் முடிந்து, பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நில எடுப்புத் தாசில்தார் ஒருவர், இரண்டு எழுத்தர்கள், மேசை, மைக். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார். பஞ்சாட்சரம் பத்து நிமிஷம் பேசினார், முப்பாட்டன்களைப் பற்றி. தாசில்தார் தலையாட்டினார். வேறு யாராவது என்றார்.

பின்வரிசையில் பாண்டு எழுந்தான். சட்டைப் பொத்தானை மேலே வரைக்கும் போட்டிருந்தான். மைக்கை வாங்கவில்லை.

"என்னாலதான் வந்துது" என்றான். "வடக்கால பனையந்தாங்கல் வயியாதான் மொதல்ல போட்டாங்க. அங்க கல்லு கீதுன்னு வுட்டுட்டாங்க. இங்க ஒண்ணும் இல்லன்னு நான் கையெய்த்து போட்டேன். அந்தக் கையெய்த்த வெச்சுத்தான் கோடு இங்க வந்துது. அது பொய்யி. ஒவ்வொரு கொல்லயிலயும் இருந்துது, எனுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் போட்டேன். என்ன இன்னா வேணா பண்ணுங்க. அந்தக் காகிதத்த கிழிச்சிடுங்க."

பஞ்சாட்சரம் தன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பவளம்தான் கேட்டாள்.

"மின்னாடியே சொல்லியிருந்தா நம்ப ஊரு தப்பிச்சிருக்குமா?"

"தப்பிச்சிருக்கும்."

"அப்ப எவன் ஊரு மேலயாவது போயிருக்கும்" என்றாள் பவளம். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் எதையோ தேடிக்கொண்டே சொன்னாள்.

யாராவது பாண்டுவைத் திட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். எழுந்து வந்து நாலு அறை கொடுத்திருந்தால்கூட அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குப் பதிலாக நமக்குக் கொடுக்கும் காலனி மனை ரோட்டு மேலேயா உள்ளேயா என்று இரண்டு பேர் மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஊரே சேர்ந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தச் சாயங்காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்திருக்கவேண்டும். எனக்கு இருந்தது. நான் எழுந்து, ஐயா, நாங்களும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேச்சு பேசுகிறவள், பக்கத்தில் இருந்தவளிடம் மணி என்ன என்று கேட்டேன்.

தாசில்தார் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மெதுவாகவே சொன்னார். "ஐயா, பாரம்பரியம் சம்பந்தமா ஆட்சேபணை சொல்றதுக்குத் தேதி போன மாசமே முடிஞ்சு போச்சுங்க. இப்ப அதுல நான் எதுவும் பண்ண முடியாது. உங்க பேர் என்ன?"

"பாண்டுரங்கன்."

எழுத்தர் பட்டியலில் விரலை ஓட்டினார். "ஒண்ணே முக்கால் ஏக்கர், மேட்டு நிலம், ஒரு ஓட்டு வீடு. பட்டா நகல் கொண்டுவந்தீங்களா?"

பாண்டு நின்றுகொண்டே இருந்தான். பின்னாலிருந்து லீலாவதி எழுந்து வந்து, அவன் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த காகிதங்களை எடுத்தாள். பட்டா நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ. எல்லாம் சரியாக இருந்தது.

"வரிசைல நில்லுங்க" என்றார் எழுத்தர். "கூப்பிடறப்ப வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

வரிசை மேசையிலிருந்து பள்ளிக்கூடக் கதவு வரைக்கும் போயிருந்தது. பவளத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அவள் ஒரு அடி முன்னால் நகர்ந்து, அவனை அங்கே நிற்கவிட்டாள்.